‘ஆமாங்க’ என்று ஒரு டெலக்ஸ்

போன வாரம் உங்களில் ஒருவர் என்னிடம் ஒரு மெயிலைக் காட்டினார். பெயர் சொல்ல மாட்டேன். படிக்கும்போது யாருக்குக் காது சிவக்கிறதோ அவர்தான் அது. நம் சரக்கை வாங்கும் வெளிநாட்டு பையருக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒரு பார்வை பார்த்துத் தரச் சொன்னார். பார்த்தேன். மொத்தம் பதினோரு வரி, ஒரே வாக்கியம். நடுவில் இரண்டு ‘விச்’, ஒரு ‘வேர்ஆஸ்’, கடைசியில் ஒரு ‘கைண்ட்லி’. படித்து முடித்ததும் எனக்குத் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

“எப்புடிங்க மேடம், ஸ்டாண்டர்டா இருக்குதுங்களா?” என்று கேட்டார்.

“ஸ்டாண்டர்டெல்லாம் இருக்குது கண்ணு. சரக்கு எப்பப் போகுதுங்கிற சேதிதான் எங்கயும் காணோம்” என்றேன்.

அவர் முகம் சுண்டிப்போனது. வருத்தப்படாதீர்கள். அந்தப் பதினோரு வரியை நானும் எழுதியிருக்கிறேன், உங்களைவிட அழகாகவே எழுதியிருக்கிறேன். அதனால்தான் நம் ஆபீஸ் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் இலக்கண வகுப்பு எடுங்கள் என்று உங்கள் எம்.டி. என்னைக் கூப்பிட்டபோது, வகுப்பெல்லாம் வேண்டாம், நான் செய்த ஒரு தப்பை எழுதிக் கொடுக்கிறேன், எல்லோரும் படிக்கட்டும் என்று சொன்னேன். ரிட்டையர் ஆனவள் தன் தப்பைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்ளலாம், யாரும் மெமோ கொடுக்க முடியாது.

நான் சோமனூர்க்காரி. ஊட்டுக்குள்ளேயே தறி ஓடிய குடும்பம். நாலு பவர்லூம் ஒன்றாக ஓடும் வீட்டில் யாரும் நீளமாகப் பேச மாட்டார்கள். “நூல் அந்துருச்சு!”, “கரண்ட் போயிருச்சு!”, “சோறு ஆச்சு!” இவ்வளவுதான். அதற்கு மேல் பேசினால் காதில் விழாது. அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த நான் பிளஸ் டூ முடித்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்து, பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு கடிதம் எழுதும் கையேட்டை வரி விடாமல் மனப்பாடம் செய்தேன். வேலைக்குச் சேர்ந்தபோது என் இங்கிலீஷில் இல்லாத அலங்காரமே இல்லை.

எண்பதுகளின் கடைசி அது. திருப்பூர் பல்லடம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனி. எண்பது பேருக்கு மேல் வேலை செய்தார்கள். முதலாளி அஞ்சாம் வகுப்போடு தறிக்குப் போனவர், பேச்சில் ‘ங்க’ போடாமல் ஒரு வார்த்தை வராது. என்னையே ‘வாங்க, போங்க’ என்றுதான் சொல்வார், எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இங்கிலீஷ் அவருக்குத் தெரியாது. நான் அடித்த கடிதத்தைக் கையில் வாங்கி, கைநீட்டிப் பிடித்துத் தூரத்தில் வைத்துப் பார்ப்பார்.

“நெம்ப நீளமா அடிச்சிருக்கீங்க அம்மிணி. அருமைங்க” என்பார்.

எனக்குத் தலை கால் புரியாது. நீளம்தான் இங்கிலீஷ் என்று அவரும் நம்பினார், நானும் நம்பினேன்.

அதுவரைக்கும் எங்கள் சரக்கெல்லாம் பம்பாய் ஏஜெண்டுகள் மூலமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நாம் தைப்போம், அவர்கள் பெட்டியில் அவர்கள் பெயரை ஒட்டி அனுப்புவார்கள். எந்த நாட்டுக்குப் போகிறது, எந்த ஊர்ப் பிள்ளை போட்டுக்கொள்கிறது என்பது நமக்குத் தெரியாது. கேட்டால், “உங்களுக்கு எதுக்கு அது? தைக்கிற வேலையைப் பாருங்க” என்பார்கள். முதலாளிக்கு அது ஆறாத புண்.

இந்த நிலைமையில்தான் பிரான்ஸிலிருந்து ஒரு அம்மா வந்தார். குழந்தைகளுக்கான துணிக்கடைகள் நடத்துகிறவர், ஐம்பது வயது இருக்கும். வேறு யாரையோ பார்க்கத் திருப்பூர் வந்தவர், எங்கள் தையலைப் பார்த்துவிட்டு நேராக எங்களுக்கே ஓர் ஆர்டர் கொடுத்தார். சிவப்பு, வெள்ளை, நேவி புளூ என்று மூன்று கலரில் சின்னப் பிள்ளைகளின் டீசர்ட். விஷயம் தெரிந்ததும் பம்பாய் ஏஜெண்ட் போனில் ஒரே வார்த்தைதான் சொன்னார்: “நடத்துங்க.” அதோடு அவரிடமிருந்து வந்துகொண்டிருந்த ஆர்டர்கள் நின்றுபோயின. ஆக, இந்த ஒரு ஆர்டர் நல்லபடியாகப் போனால் நாங்கள் சொந்தக் காலில் நிற்போம். கெட்டுப்போனால் மறுபடியும் அதே ஏஜெண்டின் வாசலில் போய்க் கைகட்டி நிற்க வேண்டும், அவர் உள்ளே விடுவாரா என்பதும் சந்தேகம். இது முதலாளியிலிருந்து வாசல் கூட்டுகிற அக்காவரைக்கும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அந்த ஆர்டருக்காகவே ஆபீசுக்கு ஒரு டெலக்ஸ் மெஷின் வந்தது. நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இங்கே தட்டினால் அங்கே இருக்கும் மெஷினில் அதே எழுத்து அடிக்கும், அவ்வளவுதான். அதற்கு முன்னால் உட்கார்ந்த முதல் ஆள் நான். அந்த ரோட்டில் டெலக்ஸ் அடித்த முதல் பொம்பளையும் நான்தான் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்வேன். மறுக்க ஆள் இருந்தால் வரச் சொல்லுங்கள்.

சிவப்பும் வெள்ளையும் சாயப்பட்டறைக்குப் போய்விட்டன. நேவி மறுநாள் போக வேண்டியது. அன்று காலையில் மெஷின் கடகடவென்று அடித்தது. அந்த அம்மாதான்.

NAVY YOU HAVE NOT DYED?

நான் மேனேஜரிடம் ஓடினேன். அவர் பல்லடத்துக்காரர், தங்கமான மனிதர், பொய் சொல்லும்போதுகூடப் பணிவாகச் சொல்வார்.

“அண்ணா, நேவி இன்னும் சாயத்துக்குப் போவுலீங்களா?”

“ஆமாங்க அம்மிணி” என்றார்.

இதில் ஏதாவது குழப்பம் இருக்கிறதா? நமக்கு இல்லை. போகவில்லையா என்று கேட்டேன், ஆமாம், போகவில்லை என்றார். இந்தத் திருப்பூரில் யாரைப் பிடித்து, “ஏனுங்க, இன்னும் சாப்பிடலீங்களா?” என்று கேட்டாலும், “ஆமாங்க, சாப்பிடலீங்க” என்றுதான் வரும். எதிராளி கேட்டதை ஒத்துக்கொண்டு, அப்புறம் சொல்ல வேண்டியதைச் சொல்வது நம் ஊர் மரியாதை. எதையும் மறுத்து ஆரம்பித்து நமக்குப் பழக்கமில்லை. நான் திரும்பி வந்து அந்த ‘ஆமாங்க’வை அப்படியே இங்கிலீஷில் அடித்தேன்.

YES MADAM. PLS ADVISE.

அடித்துவிட்டு, எவ்வளவு சுருக்கமாக, எவ்வளவு மரியாதையாக அடித்தோம் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது.

OK. CONTINUE.

“என்னுங்கறாங்க?” என்று மேனேஜர் கேட்டார்.

“அப்புடியே இருக்கட்டும்னு சொல்றாங்கண்ணா. கலர்ல ஏதோ ரோசனை பண்றாங்களாட்ட இருக்குது. அவங்க சொல்ற வரைக்கும் நேவியைத் தொட வேண்டாமுங்க.”

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நேவிக்கென்று வைத்திருந்த துணி, சாயம் படாத வெறும் துணியாகக் குடோனில் உட்கார்ந்துகொண்டது.

இப்போது அங்கே என்ன நடந்தது என்று பாருங்கள். இங்கிலீஷில் கேள்வி எப்படி வந்தாலும் ‘யெஸ்’ என்றால் வேலை நடந்துவிட்டது, ‘நோ’ என்றால் நடக்கவில்லை. அந்த அம்மா என் ‘யெஸ்’ஸைப் பார்த்து, சாயம் போட்டாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டார். சரி, வேலையைத் தொடருங்கள் என்றார். நான் அந்தத் ‘தொடருங்கள்’ என்பதைப் பார்த்து, சாயம் போடாமல் இருப்பதைத் தொடரச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மிகவும் திருப்தியாகப் பேசி முடித்திருந்தோம்.

நாலு நாள் ஆயிற்று, ஒரு வாரம் ஆயிற்று, தகவல் இல்லை. மேனேஜர் என் மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தார். கேட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். “நேவிக்கு என்ன செய்ய வேண்டும்?” என்று ஒரு வரி கேட்டிருந்தால் தீர்ந்தது. ஆனால் வெள்ளைக்கார அம்மாவிடம் அப்படி மொட்டையாகக் கேட்கலாமா? கையேட்டைப் பிரித்தேன். உங்கள் மேலான அறிவுறுத்தல்களை எதிர்நோக்கியிருப்பதாகவும், நேவி தொடர்பாக ஆவன செய்யுமாறும், அதன்மூலம் எங்களைக் கடமைப்படுத்துமாறும் ஒரு நீண்ட வாக்கியம் அடித்தேன். மறுநாள் பதில் வந்தது.

THANK YOU. I COME 14.

பதினாலாம் தேதி நேரில் வந்து சொல்லப்போகிறார் என்று நான் எல்லோருக்கும் விளக்கினேன். முதலாளி வாசலுக்குப் புதுப் பெயிண்ட் அடிக்கச் சொன்னார். ஆபீசில் எனக்கு அவ்வளவு மதிப்பு. நான் சொன்னால் அது வேதவாக்கு.

பதினாலாம் தேதி காலையில் கோயம்புத்தூர் ஏர்போர்ட்டிலிருந்து கார் வந்தது. அந்த அம்மா இளநீரைக்கூட முழுதாகக் குடிக்கவில்லை, நேராக செக்கிங் செக்‌ஷனுக்குப் போனார். சிவப்பை எடுத்துப் பார்த்தார், தையலை இழுத்துப் பார்த்தார், தலையாட்டினார். வெள்ளையைப் பார்த்தார், அதற்கும் தலையாட்டினார். அப்புறம் நிமிர்ந்தார்.

“Where is navy?”

மூன்றே வார்த்தை. எங்கே என்று கேட்கிறவர், அது இருக்கிறது என்று நினைத்துக்கொண்டல்லவா கேட்கிறார்? கையிலிருந்த ஃபைலைத் திறந்தேன். அவருடைய கேள்வி, என்னுடைய ‘யெஸ்’, அவருடைய ‘கண்டினியூ’ மூன்றும் ஒரே காகிதத்தில் வரிசையாக இருந்தன. பதினைந்து நாளாக அதே காகிதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் அதைப் பிரான்ஸில் உட்கார்ந்திருப்பவர் கண்ணால் படித்துப் பார்த்தேன். ஐயோ, என்ன காரியம் பண்ணிப்போட்டேன்!

மேனேஜருக்கு விஷயம் புரிய வெகுநேரம் ஆகவில்லை. என் முகமே சொல்லியிருக்கும். பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

“அம்மிணி, வெசனப்படாதீங்க. சாயம் போட்டாச்சு, பட்டறையில காயுது, நாளைக்கு வந்துரும்னு சொல்லிப்போடுங்க. இன்னிக்கே தண்ணியில எறக்கிப்போடலாம். அந்தம்மா ரெண்டு நாள் கோயமுத்தூர்ல இருப்பாங்களாமா. சாமி சத்தியமா, காட்டிப்போடலாமுங்க.”

முதலாளிக்குப் பாதிதான் புரிந்திருந்தது. என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அறையில் இரண்டு பக்கமும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் எதைச் சொன்னாலும் அதுதான் கம்பெனி சொன்னது.

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். எனக்குள் அந்த நேரத்தில் ஒரு வாக்கியம் தானாகவே உருவாகிக்கொண்டிருந்தது. மின்வெட்டின் காரணமாகவும், தண்ணீர்த் தட்டுப்பாட்டின் காரணமாகவும், எதிர்பாராத சில சூழ்நிலைகளினாலும், சாயமிடும் பணியானது தாமதப்பட்டுள்ளது என்று நாலு வரிக்கு. கையேட்டு இங்கிலீஷில் பிரமாதமாக வந்துகொண்டிருந்தது. வாய் திறக்கப் போகும்போது ஒன்று உறைத்தது. இந்த நாலு வரியில் ‘யார்’ என்பதே இல்லை. தாமதப்பட்டது, நேர்ந்துவிட்டது, ஆகிவிட்டது. செய்தவர் யாரும் இல்லாமல் எல்லாம் தானாக நடந்திருக்கிறது. நீளமான வாக்கியம் எனக்கு ஏன் அவ்வளவு பிடித்திருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. ஒளிந்துகொள்ள அதில் இடம் நிறைய.

ஒன்பதாம் வகுப்பில் தனி வாக்கியம் என்று படித்திருப்பீர்கள், இங்கிலீஷ் பீரியடில் சிம்பிள் சென்டென்ஸ். சிம்பிள் என்றால் சின்னது என்று பாதிப்பேர் நினைக்கிறீர்கள். நீளம் அங்கே கணக்கில்லை. ஒரு எழுவாய் வேண்டும், அதற்கு ஒரு பயனிலை வேண்டும். யார், என்ன செய்தார். தமிழில் எழுவாயை விழுங்கிவிட்டுப் பேசலாம், ‘தப்பாயிருச்சுங்க’ என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ளலாம். இங்கிலீஷில் முதல் வார்த்தையிலேயே ஆளைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். எந்த ஆளை நிறுத்துவது என்று எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

“I wrote yes” என்றேன். “I meant no. We have not dyed the navy. I made the mistake.”

நாலு வாக்கியம். என் வாழ்க்கையில் அவ்வளவு அலங்காரமில்லாத இங்கிலீஷை நான் பேசியதில்லை. பேசி முடித்ததும் வேலை போயிற்று என்று முடிவு செய்துவிட்டேன். வேலை போனால் போகிறது, எண்பது பேர் வயிற்றில் அடித்துவிட்டோமே என்றுதான் கவலை.

அந்த அம்மா என் கையிலிருந்த ஃபைலை வாங்கிக்கொண்டார். காகிதத்தைப் படித்தார். மறுபடியும் படித்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

“Not dyed? Not one kilo?”

பாருங்கள், மறுபடியும் அதே கேள்வி, அதே பொறி! ஒரு கிலோகூடப் போடவில்லையா? பக்கத்திலிருந்த மேனேஜர் அதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தவர், தனக்குத் தெரிந்த இங்கிலீஷ் வந்துவிட்டதே என்று மிகுந்த பணிவோடு, “யெஸ் மேடம், யெஸ் மேடம்” என்று தலையாட்டத் தொடங்கினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் வாயைப் பொத்தியிருப்பேன்.

“அண்ணா, நீங்க சித்த பேசாம இருங்க!” என்று கத்திவிட்டேன். முதலாளி எதிரில் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அந்த அம்மா பக்கம் திரும்பி, “Not one kilo. All the cloth is here. It has no colour” என்றேன்.

அவர் குடோனுக்கு நடந்தார். நாங்கள் பின்னால் ஓடினோம். அடுக்கி வைத்திருந்த துணியைத் தொட்டுப் பார்த்தார். ஒரு உருளையைப் புரட்டி, அதற்கு அடியிலிருந்ததையும் பார்த்தார். பிறகு அப்படியே அந்த உருளைமேல் உட்கார்ந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தார். எங்களுக்கு ஒன்றும் ஓடவில்லை. கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று மேனேஜர் என்னைப் பார்த்தார்.

விஷயம் இதுதான். அந்த சீசனுக்கு அவர் ஊரில் எல்லாக் கடைகளிலும் நேவி புளூ தொங்கப்போகிறது என்று அவருக்குத் தகவல் வந்திருக்கிறது. நேவியை விட்டுவிட்டு பாட்டில் கிரீன் போடலாமா என்று நினைத்திருக்கிறார். அதற்காகத்தான் இன்னும் சாயம் போடவில்லையா என்று முதலில் கேட்டார். என் ‘யெஸ்’ வந்ததும், ஐயோ, காலம் கடந்துவிட்டது, வேண்டாத கலர் வரப்போகிறது என்று வருத்தத்தோடு ‘கண்டினியூ’ அடித்திருக்கிறார். மேனேஜர் சொன்ன பொய்யை நான் சொல்லியிருந்தால், அன்றைக்கே அவசர அவசரமாக மொத்தத் துணியையும் அவருக்கு வேண்டாத நேவியில் முக்கி எடுத்து, பெருமையாகக் கொண்டுபோய் நீட்டியிருப்போம்.

இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. வெள்ளைக்காரர் என்றால் எல்லோருக்கும் இங்கிலீஷ் தாய்மொழி என்று நினைத்திருந்தேன். அவருக்கும் அது பள்ளிக்கூடத்தில் படித்த மொழிதான். என்னுடைய நீண்ட வாக்கியத்தை அவருடைய ஆபீசில் மூன்று பேர் டிக்ஷனரி வைத்துக்கொண்டு படித்தார்களாம். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை, ஏதோ நன்றி சொல்கிறார்கள் போல என்று பதிலுக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள். எங்கள் பிரெஞ்சு மொழியில், ‘இல்லையா?’ என்று கேட்பவருக்கு ‘உண்டு’ என்று மறுத்துச் சொல்லத் தனியாக ஒரு சொல்லே இருக்கிறது என்றார். உங்கள் ‘யெஸ்’ஸை அந்தச் சொல் என்று எடுத்துக்கொண்டேன் என்று சொல்லி, அந்தச் சொல்லை அழுத்திச் சொல்லியும் காட்டினார்: “சி!”

மேனேஜர் திடுக்கிட்டுப் போனார். “ஏனுங்க அம்மிணி, நம்மளையப் பாத்து சீங்கறாங்க?”

நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பயத்தில் வந்த தண்ணீரும் அதில் கலந்திருந்தது.

ஆனால் ஆர்டர் இன்னும் கைக்கு வரவில்லை. பதினைந்து நாளை என் ‘யெஸ்’ தின்றிருந்தது. கப்பல் தேதிக்கு மிச்சம் பதினெட்டு நாள். புதுக் கலருக்குச் சாயம் பிடித்து, வெட்டி, தைத்து, பெட்டியில் போட்டு, கொச்சிக்கு அனுப்ப வேண்டும். அந்த அம்மா தன் கழுத்திலிருந்த பச்சை ஸ்கார்ஃபின் ஓரத்தில் கத்தரியால் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார், இதே கலர் வேண்டும் என்று. முடியுமா என்று கேட்டார்.

“நம்மாலானதப் பாக்கறோம்னு சொல்லுங்க” என்றார் மேனேஜர்.

முதலாளியும், “ஆமாங்க, பாக்கலாம்னு சொல்லுங்க” என்றார்.

‘பார்க்கலாம்’ என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். செய்வோம் என்றும் அர்த்தம், செய்ய மாட்டோம் என்றும் அர்த்தம்.

“முதலாளி, செய்வமுங்களா, மாட்டமுங்களா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. இதுக்கு நடுவுல நான் ஒண்ணும் சொல்ல மாட்டேனுங்க” என்றேன். எங்கிருந்து அந்தத் தெகிரியம் வந்ததோ!

அவர் உள்ளே போய் சாயப்பட்டறைக்குப் போன் போட்டார். கட்டிங் மாஸ்டரைக் கூப்பிட்டுப் பேசினார். தைக்கிற பெண்களிடமே போய் நின்று கேட்டார். அரைமணி நேரம் கழித்து வேர்த்து வழிய வந்தார்.

“செய்யறமுங்க. ரெண்டாந் தேதி கப்பல்ல ஏத்திப்போடறோம். நாம செய்யறோம்னே சொல்லுங்க.”

சொன்னேன். அந்த அம்மா என்னிடம், நான் உங்களுடைய முதல் நாலு வாக்கியங்களை நம்பினேன், இதையும் நம்புகிறேன் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். முதலாளி என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. “இனிமே எனக்கும் புரியறாப்புல அடிங்க அம்மிணி” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு சுட்டிருக்காது.

அந்தப் பதினெட்டு நாளில் எனக்கு ஒரு பட்டப்பெயர் வந்தது. யார் வந்து எது சொன்னாலும் நான் விடுவதில்லை. “துணி லேட்டாயிருச்சுங்க” என்றால், “யாரு லேட் பண்ணுனது?” “நூலு மாறிப்போச்சுங்க” என்றால், “தானா மாறுச்சா? யாரு மாத்துனது?” திட்டுவதற்காகக் கேட்கவில்லை. ஆள் யாரென்று தெரிந்தால், அடுத்து யாரிடம் போக வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். முதல் இரண்டு நாள் முறைத்தார்கள். மூன்றாவது நாளிலிருந்து அவர்களே சொல்ல ஆரம்பித்தார்கள்: “நான்தாங்க்கா மாத்திப்போட்டேன், மத்தியானத்துக்குள்ள சரி பண்ணித் தாரேன்.” பின்னால் சிரித்துக்கொண்டே ‘எழுவாய் அக்கா’ என்று கூப்பிட்டார்கள். எனக்குத் தெரிந்துதான் இருந்தது. பதவி உயர்வு வந்தபோதுகூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

சாயம் முதல் முறை சரியாக வரவில்லை, இரண்டாம் முறை வந்தது. அந்த அம்மாவுக்கு அதையும் அடித்தேன்: முதல் கலர் தப்பு, நாங்கள் மறுபடி போட்டோம், இரண்டாவது கலர் சரி. மூன்றே வாக்கியம். முன்பெல்லாம் கெட்ட செய்தியை மூடி மறைக்க ஒரு பக்கம் அடித்திருப்பேன். பதிலுக்கு ஒரு ‘குட்’ வந்தது.

இரண்டாம் தேதி சரக்குக் கப்பலில் ஏறிவிட்டது என்று கொச்சியிலிருந்து போன் வந்தது. தகவலை அனுப்பலாம் என்று மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். முதலாளி வந்து பக்கத்தில் நின்றார். தைக்கிறவர்கள் பாதிப்பேர் வாசலில் கூடிவிட்டார்கள்.

“இன்னிக்கு நான் சொல்றேனுங்க. நீங்க சரி பாருங்க” என்றார். “நாமங்கறதுக்கு என்னுங்க?”

“வீ-ங்க.”

“அனுப்பிச்சோமுங்கறதுக்கு?”

“சென்ட்.”

“பச்சைக்கு கிரீன், அது எனக்கே தெரியுமுங்க. அப்ப, வீ கிரீன் சென்ட்.”

“இல்லீங்க. இங்கிலீஷ்ல, யாருன்னு சொன்ன ஒடனே என்ன பண்ணுனாங்கன்னு சொல்லிப்போடுவாங்க. மத்ததெல்லாம் அப்பறம்தானுங்க.”

அவர் அதைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்தார். “நல்ல பழக்கந்தானுங்க” என்றார். என்னை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஒவ்வொரு எழுத்தாக நான் காட்டக் காட்ட, ஒற்றை விரலால் அமுக்கினார்.

WE SENT GREEN.

அவர் எழுதிய முதல் இங்கிலீஷ் வாக்கியம். எழுவாய் இருந்தது, பயனிலை இருந்தது, செயப்படுபொருள் இருந்தது, ஒரு எழுத்துகூடப் பிழையில்லை. கொஞ்ச நேரத்தில் மெஷின் திருப்பி அடித்தது.

YOU PROMISED. YOU DID IT.

“என்னுங்கறாங்க?”

“நீங்க வாக்குக் குடுத்தீங்க. நீங்க செஞ்சுட்டீங்க. அப்புடீங்கறாங்க.”

அவர் காகிதத்தைக் கைநீட்டிப் பிடித்துப் பார்த்தார். பிறகு அந்த முதல் வார்த்தையின் மேல் விரலை வைத்தார்.

“இதுல ‘நீங்க’ன்னு இருக்குதே, அது யாருங்க? பம்பாய்க்காரங்களா?”

“இல்லீங்க முதலாளி” என்றேன். “நாமதானுங்க.”

“மறுக்காப் படிங்க” என்றார். வாசலில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி, நான் மறுபடியும் படித்தேன்.